காட்டுப் பாதையில் பொக்லைன் கொண்டு தீத்தடுப்புக் கோடு வெட்டுவதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: அடிவாரக் கிராம மக்கள் மற்றும் காட்டுப்பூ ஆர்வலர்கள்

பெறுநர்: உயர்திரு வனச்சரக அலுவலர் அவர்கள்

பார்வை: இதே பொருளில் முன்பு அளித்த மனுக்கள் (ஒப்புகைச் சீட்டு நகல்கள் இணைப்பில்)

ஐயா,

வணக்கம். சோதனைச் சாவடியிலிருந்து ஓடை தாண்டிக் கன்னிமார் கோயில் மேட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை தாங்கள் ரோந்து போகும் பாதைதான். இடத்தை விளக்கத் தேவையில்லை. கோடை மழை விழுந்ததும் அதன் ஓரங்களில் தரைப்பூக்கள் எழும். அவற்றைப் பார்க்கவும் படமெடுக்கவும் அனுமதி பெற்றே வருகிறோம். காட்டுத்தீ தாண்டிப் பரவாமல் எரிபொருளை அகற்றி விடும் தீத்தடுப்புக் கோடே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2018 குரங்கணித் தீக்குப் பிறகு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பொக்லைன் வேண்டாம் என்பதே கோரிக்கை.

1. தீ பிடிப்பது சருகிலும் காய்ந்த புல்லிலும். அவற்றை மண்வெட்டியால் மேலாகச் செதுக்கிக் கூட்டி அள்ளினால் கோடு தயார். பொக்லைனோ ஓரடி மேல்மண்ணையே வழித்து ஓரத்தில் குவிக்கிறது.

2. அந்த ஓரடிக்குள்தான் எல்லாம் இருக்கிறது ஐயா. நரிவெங்காயம் இலை விடும் முன்பே வெறுந்தண்டில் பூப்பது. அதுவரை கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும்; மாசியில் கோடு வெட்ட வரும் மேஸ்திரியின் கண்ணுக்கு அது வெற்றுத் தரை. நிலப்பனையின் ஆறிதழ் மஞ்சள் பூ தரையோடு ஒட்டியிருக்கும். அதன் சூலகம் மண்ணுக்குள், இலையடியில். மண்ணை வழித்தால் கிழங்கும் போச்சு, விதையும் போச்சு. செங்காந்தள், அதாவது நம் மாநில மலர், மழைக்காலத்தில் பூக்க வேண்டுமானால் அதன் கிழங்கு இப்போது முழுசாக இருக்க வேண்டும். கலப்பை போல் வளைந்த அந்தக் கிழங்கில் முளைக்கண் நுனியில் மட்டுமே உண்டு. நுனி ஒடிந்தால் மிச்சம் எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது. மூலனூர்ப் பக்கம் இதைப் பயிர் செய்கிறவர்கள் நுனி ஒடியாமல் நட அவ்வளவு கவனம் எடுக்கிறார்கள். இங்கே நுனி ஒடிந்த கிழங்குகள் மண்குவியலில் வெயிலில் சுருங்கிக் கிடக்கின்றன. இதை ஒருமுறையாவது நேரில் வந்து பாருங்கள்.

3. கிளறிய மண்ணில் அடுத்த மழைக்கு முளைப்பது பார்த்தீனியமும் உண்ணிச்செடியும். உண்ணிப்புதர் காய்ந்தால் எப்படி எரியும் என்று தங்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களைக் கேளுங்கள். தீயைத் தடுக்கப் போட்ட கோட்டிலேயே தீக்கு விறகு வளர்க்கிறோம். இது யார் யோசனை ஐயா?

4. படமெடுப்பவர்கள்தான் செடியை மிதிக்கிறார்கள் என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. சிலர் மிதிக்கிறார்கள், உண்மை. பூவின் மட்டத்துக்குப் படுத்து எடுக்கும்போது முழங்கையும் முக்காலியும் பக்கத்து முளைகளை நசுக்கும். பாதையை விட்டு இறங்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடாது, மறைக்கும் புல்லைக் கிள்ளாமல் குச்சியால் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று பலகை வையுங்கள்; கட்டுப்படுகிறோம். செருப்புக் காலும் பொக்லைன் வாளியும் ஒன்றா?

5. நரிவெங்காயம் விரிவது மாலையில். எங்களை 4 மணிக்கே வெளியேற்றுகிறார்கள். அதைக்கூட விட்டுவிடுகிறோம். பொக்லைனை மட்டும் நிறுத்துங்கள்.

6. கையால் செதுக்க ஆள் இல்லை என்பது சரியல்ல. அடிவாரத்திலேயே ஆள் இருக்கிறது, கூலிதான் வேண்டும்.

ஒவ்வொரு மனுவுக்கும் சீட்டு தருகிறீர்கள், பதில் தருவதில்லை. ஓடைக்கு மேற்கே இன்னும் வெட்டாத பகுதியையாவது மண்வெட்டியோடு விடுமாறும், குவியலில் நுனி ஒடியாமல் மிஞ்சிய கிழங்குகளை மழைக்கு முன் அதே இடத்தில் புதைக்க எங்களுக்கு அனுமதி தருமாறும் மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். பொக்லைன் வேண்டாம் ஐயா.

இப்படிக்கு,
கையொப்பமிட்டோர்