புலப்படத்தில் இல்லாத தண்ணீர் வழி: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தாருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் வயல்வெளியில் 3 ஏக்கர் நஞ்சையைத் தனியார் பள்ளி கட்டுவதற்காக மாற்றித் தரும்படி உங்களிடம் விண்ணப்பம் வந்திருக்கிறது. அந்த நிலத்துக்கு மேற்கே ஒட்டியிருக்கும் ஒன்றேகால் ஏக்கர் என்னுடையது.

பள்ளி வேண்டாம் என்று சொல்வதற்காக எழுதவில்லை. என் மகள் காலை ஏழு மணிக்கே வேன் ஏறுகிறாள், திரும்பி வரும்போது இருட்டிவிடுகிறது. கிராம ஊராட்சியில் மெட்ரிக் பள்ளி நடத்த 3 ஏக்கர் வேண்டும் என்பது விதி. ஊருக்குள் அவ்வளவு இடம் கிடைக்காது, வயலைத்தான் தேடி வருவார்கள். அதுவும் புரிகிறது.

என் பயம் தண்ணீரைப் பற்றியது. எங்கள் வெளியில் வயலுக்கு வயல் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயலில் பாய்ந்த தண்ணீர் வரப்பில் வெட்டிய மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும். அப்படியே ஒவ்வொன்றாகக் கடந்து, கிழக்கே கடைசி வயலைத் தாண்டி வடிகாலில் விழும். அந்தக் கடைசி வயலைத்தான் இப்போது விற்றிருக்கிறார்கள்.

நிலத்தின் எல்லைகளை வரைந்து காட்டும் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள், இந்த வழிக்கு ஒரு கோடுகூட இருக்காது. பட்டா நிலத்துக்குள்ளேயே தாத்தா காலத்திலிருந்து போய்க்கொண்டிருக்கும் தண்ணீர் அது. அதனால், ‘நீர்வழி எதுவும் பாதிக்கப்படவில்லை’ என்று அறிக்கை எழுதிவிடலாம், காகிதப்படி அது சரியாகவும் இருக்கும். ஆனால் கட்டடம் என்று வந்தால் சாலை மட்டத்துக்கு நாலடி, ஐந்தடி மண் அடிப்பார்கள். அடித்த அன்றே அது எங்களுக்கு எதிரே ஒரு கரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்கே தேங்கும் தண்ணீர் எங்கே வடியும்? நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பா ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். பக்கத்து ஊரில் மனைப்பிரிவு போட்ட வருடம் என் மாமா நிலத்தில் இதுதான் நடந்தது. மறுநடவுக்கு அவருக்கு நாற்றும் கிடைக்கவில்லை.

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் அடங்கல் கணக்கில் இந்த நிலம் மூன்று வருடமாகத் தரிசு. விற்பதற்காகச் சாகுபடியை நிறுத்தினார்கள், மண் ஒன்றும் கெடவில்லை. தரிசு என்ற அந்த ஒரு சொல்லை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் உருக்காலை போன்ற தொழில்களையும் புதிதாக வரவிடாமல் தடுக்கிறது. பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை, இருக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் டெல்டா மண்ணைக் காக்கச் சட்டம் போட்ட அரசு, ஒரு நஞ்சையை மாற்றும்போது அதன் அக்கம்பக்கத்தையும் பார்க்கும் என்று நம்புகிறோம்.

அப்புறம் பிள்ளைகள் விஷயம். நாங்கள் மருந்து அடிக்கும் காலை நேரத்தில்தான் அவர்கள் மைதானத்தில் இருப்பார்கள். அங்கே போகிற பாதை பன்னிரண்டு அடி மண்பாதை. அறுப்பு இயந்திரம் உள்ளே வந்துவிட்டால் சைக்கிள்கூட ஒதுங்க முடியாது, தீயணைப்பு வண்டி எப்படி வரும்? 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த பகுதி இது. பள்ளி என்றதும் பாதையைத்தான் நாங்கள் முதலில் பார்க்கிறோம்.

எங்கள் ஊரிலேயே தார்ச்சாலையை ஒட்டி மேட்டுப் புஞ்சை இருக்கிறது. பள்ளி நிர்வாகத்தார் அதைப் பார்க்கும்படி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலாம். இல்லை, இந்த இடம்தான் என்றால், வடக்கு வரப்பை ஒட்டி வடிகால் வரைக்கும் பத்தடி அகலத்துக்குத் தண்ணீர் வழி விட்டு, அதை ஊராட்சி பெயரில் எழுதிக் கொடுத்த பிறகே மண் அடிக்க வேண்டும் என்று அனுமதியிலேயே நிபந்தனை போடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அடுத்த நிர்வாகம் வரும்போது காணாமல் போய்விடும். கிராம சபையிலும் வைத்துப் பேச விடுங்கள்.

சித்திரை வெயிலில் வந்து நிலத்தை அளந்துவிட்டுப் போனார்கள். அப்போது அங்கே வெடிப்பு மட்டும்தான் தெரியும். முடிவு எடுக்கும் முன் கார்த்திகையில், நல்ல மழை பெய்த மறுநாள், ஒரு தடவை வாருங்கள். தண்ணீர் எந்த மடையில் இறங்கி எந்த வழியாகப் போகிறது என்று வரப்பில் கூடவே நடந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மேல் வயல்காரன்