பறம்பைத் தோண்டியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இந்தியத் தொல்லியல் துறையினருக்கு,

வணக்கம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ் ஆதிச்சநல்லூரைத் தாண்டும்போது சாலையோரம் ஒரு பொட்டல் மேடு வரும். ஊர்க்காரர்களுக்கு அது பறம்பு. 114 ஏக்கர். நெல் விளையும் தாமிரபரணிக் கரையை விட்டுவிட்டு, ஏர் இறங்காத இந்தப் பாறை மேட்டைக் குடைந்துதான் அந்தக் காலத்து மக்கள் இறந்தவர்களைத் தாழியில், அதாவது பெரிய மண்பானையில், வைத்திருக்கிறார்கள். விவரமான ஆட்கள்!

1876-ல் ஜாகோர் என்கிற ஜெர்மானியர் இங்கே தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அப்புறம் 1899 முதல் ஆங்கிலேயர் காலத்துத் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். நெற்றியில் கட்டும் பொன் பட்டம், இரும்பு வேல், வாள், மூடியில் எருமை நிற்கும் வெண்கலப் பாத்திரம் என்று ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு 1915-ல் அச்சிட்டுவிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது.

2004-ல் நீங்கள் தோண்டினீர்கள். நூற்றைம்பதுக்கு மேல் தாழிகள். என்ன கிடைத்தது என்று சொல்லும் அறிக்கை வரப் பதினைந்து வருடம் தாண்டிவிட்டது, அதுவும் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு வழக்குப் போன பிறகு. அந்த வழக்கு நடக்கும்போதுதான், 2019-ல், அங்கே எடுத்த இரண்டு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்றே வெளியே தெரிந்தது. அதுவரை மேடையில் ஏறியவர்கள் எல்லாம் ஆளுக்கொரு ஆயிரம் வருடம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குற்றம் அவர்கள்மேல் மட்டுமா?

2021-ல் மறுபடி தொடங்கினீர்கள். அடுத்த வருடமே பொன் பட்டம் கிடைத்தது. தாழிகளை எடுத்துப் போகாமல், இருந்த குழியிலேயே வைத்துக் கண்ணாடித் தரை போட்டுக் காட்டுகிறீர்கள். சரி, நல்ல காரியம். ஆனால் கண்ணாடி வழியே தாழி தெரியும். அது எந்த மண் அடுக்கில் இருந்தது, உள்ளே எலும்போடு என்ன கிடந்தது, பக்கத்துத் தாழி அதற்கு முந்தியதா பிந்தியதா என்பதெல்லாம் அறிக்கையில்தான் இருக்கும். அது இல்லாமல் பொன் பட்டம் வெறும் நகை.

அதனால் கேட்பது இதுதான். இந்த முறை அறிக்கைக்காக யாரும் நீதிமன்றப் படி ஏறும்படி வைக்காதீர்கள். தமிழிலும் போடுங்கள். பறம்பு வாசலிலேயே, பஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருக்கிறவர் வாங்கக்கூடிய விலையில் விற்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒருவன்