பொம்மைச் சண்டைகள் பற்றி, பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். "என் பிள்ளை பொம்மையை யாருக்கும் தருவதில்லை, கேட்டால் அடிக்கிறாள்" என்ற பதிவுகள் இந்த வாரம் நம் பெற்றோர் குழுவில் நிறைய வந்தன. பெரும்பாலும் இரண்டு வயதுக் குழந்தைகளைப் பற்றியவை. அந்த வயதில் அருகருகே அமர்ந்து தனித்தனியாக விளையாடுவதே இயல்பு. குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். விட்டுக்கொடுக்கும் பக்குவம் மூன்று, நான்கு வயதில்தான் மெல்ல வரும். ஆகவே பொம்மையைப் பிடுங்கி அடுத்த குழந்தையிடம் கொடுக்காதீர்கள். பிடுங்குவதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

"இப்போது உன் முறை, அடுத்து தம்பி முறை" என்று சொல்லி, சிறிது நேரத்தில் மாற்றிக் கொடுங்கள். அடித்தால் கையை மென்மையாகப் பிடித்து, "உனக்குக் கோபம், ஆனால் அடிக்கக் கூடாது" என்றால் போதும். நீண்ட உபதேசம் அழும் குழந்தையின் காதில் ஏறாது (பெரியவர்களுக்கே ஏறுவதில்லை!). 'கெட்ட பிள்ளை' என்ற பட்டம் வேண்டவே வேண்டாம்.

சிலவற்றைக் குழுவில் கேட்டுக் காத்திருக்காதீர்கள். பேசிவந்த சொற்களைக் குழந்தை இழந்தாலோ, இரண்டு வயது முடிந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். செவித்திறன் பரிசோதனையும் கேளுங்கள்.

பதிவிடும்போது வயதை மாதக் கணக்கில் குறிப்பிடுங்கள். அழும் குழந்தைகளின் வீடியோக்களைப் பகிர வேண்டாம்.