ஐஐடி என்றால் ஏன் இந்தப் பயம்?

ஆசிரியருக்கு,

மேலூர்ப் பக்கம் பிள்ளைகளை ஐஐடிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். அங்கே தூக்கமே இருக்காது, தமிழ்வழியில் படித்தவர்கள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள், பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும் என்கிறார்கள். பாடம் கடினம்தான். பள்ளியில் முதலிடம் வாங்கிய பிள்ளையே முதல் பருவத்தில் திணறலாம். சுற்றிலும் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தானே! ஆனால், படிப்பைத் தவிர எதற்கும் நேரமே இருக்காது என்பதில்லை; சென்னை ஐஐடியில் சாரங் கலைவிழா, சாஸ்த்ரா தொழில்நுட்ப விழா இரண்டையும் எடுத்து நடத்துவதே மாணவர்கள்தான்.

அப்புறம் கட்டணம். பி.டெக். படிப்பில் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமான வரம்பின்றி முழுத் தள்ளுபடி. விடுதி, சாப்பாட்டுச் செலவு தனி. இதைப் பத்தாம் வகுப்பிலேயே பள்ளிகள் பெற்றோரை அழைத்துச் சொல்ல வேண்டும்.

- அரசுப் பள்ளி ஆசிரியை, மேலூர்