சமையலறைச் சுவரில் ஓர் அட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். சமையலறையில் வைக்கிற திரையை நீ பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குத் தூங்கு. சரி, நானே கொஞ்சம் விசாரித்து வைத்திருக்கிறேன், நீ சரிபார்த்தால் போதும்.

24 அங்குலத் திரை என்றால் அகலம் 53 சென்டிமீட்டர், உயரம் 30. அந்த அளவில் அட்டை வெட்டி அடுப்புப் பக்கச் சுவரில் ஒட்டினேன். பத்தே நாளில் இடது ஓரமெல்லாம் எண்ணெய்ப் பொட்டு, கட்டைவிரலை வைத்தால் பிசுபிசுக்கிறது. இதுவே திரையாக இருந்திருந்தால்? கழுவும் தொட்டியையும் தாண்டி, ஜன்னல் வெளிச்சம் நேரே விழாத இடத்துக்கு அட்டையை மாற்றிவிட்டேன்.

டிவியா மானிட்டரா என்பதுதான் குழப்பம். 32 அங்குல டிவி பலவற்றில் 1366க்கு 768 புள்ளிகள்தான். தள்ளி உட்கார்ந்து படம் பார்க்கச் சரி, இரண்டடியில் நின்று எழுத்தைப் படித்தால் பிசிறடிக்கும். 24 அங்குல மானிட்டரில் 1920க்கு 1080, எழுத்து சுத்தமாக இருக்கும். ஆனால் நிறைய மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது. இருந்தாலும் புகை உறிஞ்சும் விசிறி ஓடும்போது காதில் விழாது. தனி ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் நாலு திருகுத் துளை இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அது இருந்தால்தான் சுவரில் மடக்கும் கை மாட்டி அம்மா நிற்கிற பக்கம் திருப்பலாம்.

அம்மா திரைக்கு நேரே எங்கே நிற்கிறாள்? அதனால் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல்தான் வேண்டும். பழைய லேப்டாப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறமே மாறுகிறது. கடைசியாக நீ முகம் காட்டிப் பேசியபோது, "பிள்ளை முகம் வாடிப்போச்சு" என்றாள். திரைக் கோளாறு என்று சமாளித்தேன். அதற்கப்புறம் நீ கேமராவையே போடுவதில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவர் குரல் கேட்டும் நாளாகிறது.

பன்னிரண்டு வயதில் பழுதான கணினியைப் பிரித்துத் தரையெல்லாம் பரப்பி, திரும்பவும் ஓட வைத்தவள் நீ. யார் என்ன கேட்டாலும் "என் பெண்ணைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பதுதான் இன்றைக்கும் என் பதில். அவ்வளவு தெரிந்தவளுக்கு அப்பாவுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லையா?

கோபமாக எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்துவிடத் தோன்றியது, அடிக்கவில்லை. கோபம் உன்மேல் இல்லை.

அன்று ராத்திரி நீ கூப்பிட்டபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா தூங்கிட்டா, காலையில அவகிட்ட பேசு" என்றேன். கொஞ்ச நேரம் நீ பேசவே இல்லை. பிறகு "ஒண்ணுமில்லப்பா" என்று வைத்துவிட்டாய். உன் குரல் அடைத்திருந்தது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் செய்தியைப் பார்த்தேன். சின்ன வயதிலும் நீ ஏதாவது சொல்ல வந்தால் அம்மாவிடம்தான் அனுப்பியிருக்கிறேன். என்ன சொல்ல வந்தாய் என்று மறுநாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கூடத்து டிவியைக் கழற்றிவிடலாம் என்றிருக்கிறேன். செய்தியும் உன் முகமும் இனி ஒரே திரையில் வரட்டும். நீ கூப்பிட்டால் செய்தியை மூடித்தான் ஆக வேண்டும். படக் கேபிள் செருகும் எச்டிஎம்ஐ துளை இரண்டு இருக்கிறதாகப் பார், மேலே வெப்கேம் மாட்டிக்கொள்கிறேன்.

நேரத்துக்குத் தூங்கு. மாப்பிள்ளையிடம் சொல்ல முடியாதென்றால் சொல்ல வேண்டாம், அதையும் நான் கேட்கவில்லை. வர வேண்டும் போல் இருந்தால் சொல்லாமலே கிளம்பி வா.

அட்டை சுவரிலேயே இருக்கிறது. 24 போதுமா, 27 வேண்டுமா? அதை மட்டும் எழுதினாலும் போதும்.

அப்பா