ஆண்டறிக்கை 2024–25: நம் தீவுப் பேரரசின் கடற்படை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அக்காவுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கடல் இல்லாத வேலூரில் உட்கார்ந்துகொண்டு, உலகப் படத்தில் இல்லாத ஒரு தீவுப் பேரரசுக்கு மாதிரிப் போர்க்கப்பல் கட்டுகிற சங்கம் நம்முடையது. இந்த வருடம் என்ன கட்டினோம், எது மிதந்தது, எது மிதக்கவில்லை என்று சொல்வது என் வேலை. வரவு செலவை அக்கா தனியாகப் படிப்பார், அதில் நான் வாய் வைக்கப் போவதில்லை.

புதிதாகச் சேர்ந்த குடியாத்தம் தம்பிகளுக்காக மட்டும் கொஞ்சம் பின்கதை. நம் பேரரசில் பெரிய தீவு இரண்டு, தெற்கே சிதறிக் கிடக்கும் சின்னத் தீவுகள் ஒரு கொத்து. வடக்குத் தீவில் நிலக்கரி உண்டு, இரும்புத் தாது கிடையாது, சாப்பிடும் அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வந்தாக வேண்டும். காலம் 1890 முதல் 1922 வரை. ரேடார், ஏவுகணை என்று யாரும் வராதீர்கள், உள்ளே விடமாட்டோம். பேரரசுக்குப் பெயர் வைக்கும் தீர்மானம் இந்த வருடமும் தள்ளிப்போனது, ஏன் என்று கேட்டால் மறுபடியும் சண்டை வரும்.

பெரிய போர்க்கப்பல்கள் நான்கு: கொண்டல், கோடை, வாடை, தென்றல். நான்கும் முடிந்து வண்ணமும் அடித்தாகிவிட்டது. தென்றல் மட்டும் அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்ததால் நடுவில் லேசாக வளைந்துவிட்டது, சுடுதண்ணீரில் போட்டு நிமிர்த்தியும் முழுசாக நேராகவில்லை. கவசத் தகடுகளை லேசரில் வெட்டித் தருவதாகச் சொன்ன கடை தீபாவளி வரை இழுத்தடித்ததில், பெரிய போர்க்கப்பலைவிடச் சின்னதும் வேகமானதுமான குரூசர்கள் பின்தங்கிப்போயின. தண்ணீருக்கடியில் பாயும் குண்டான டார்பிடோவை ஏவுகிற படகுகளை ஆம்பூர் நண்பர் தோல் வெட்டும் கத்தியாலேயே மரத்தில் செதுக்கிக் கொண்டுவந்தார், ஒவ்வொன்றும் விரல்நகம் அகலம், பார்க்கக் கண் கூசுகிறது. அவருக்கு நன்றி.

ஏன் எல்லோருக்கும் பெரிய கப்பல்மேலேயே கண் என்று எனக்கும் புரிகிறது. 1906 பிப்ரவரியில் போர்ட்ஸ்மத்தில் டிரெட்நாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் தண்ணீரில் இறங்கியபோது அதில் 12 அங்குலப் பீரங்கி பத்து. அதுவரை வந்த போர்க்கப்பல்களில் அந்த அளவில் பொதுவாக நான்குதான் இருக்கும். நீராவி டர்பைன், 21 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர். கட்டிய பிரிட்டனுடைய சொந்தக் கப்பல்கள் உட்பட உலகத்தில் இருந்த அத்தனையும் ஒரே நாளில் பழசாகிவிட்டன. அசல் கப்பல் 160 மீட்டர், நம் 700-இல் ஒரு பங்கு அளவில் 23 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். அந்த ஒரு சாண் பொருளை மேசையில் வைத்தால் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால் நான்கு இருக்கும்போது ஐந்தாவது, ஆறாவது என்று கேட்டுக்கொண்டே போவதும், நிலக்கரிக் கப்பல் செய்ய ஆள் தேவை என்றால் அறை மொத்தமும் மின்விசிறியைப் பார்ப்பதும்தான் இந்த வருடத்தின் கதை.

முதலில் சாய்வுச் சோதனை. கொண்டலின் மேல்தளத்தில் இன்னும் இரண்டு பீரங்கிக் கூண்டுகளை ஏற்றலாம் என்று ஒரு திட்டம் வந்தது, படம் அருமையாகவே இருந்தது. காகிதத்தில் ஏற்றினால் போதாது, மிதக்கட்டும் பார்க்கலாம் என்று தலைவர் சொல்ல, 200-இல் ஒரு பங்கில் பெரிய உடற்கூடு ஒன்று செய்து, கணக்குப்படி உள்ளே ஈயக் குண்டு நிரப்பி, காட்பாடி தாண்டி நம் உறுப்பினர் ஒருவரின் நிலத்தில் பம்புசெட் தொட்டியில் இறக்கினோம். பழைய வடிவம் சாய்த்துவிட்டால் ஆடி நிமிர்ந்தது. இரண்டு கூண்டுகளையும் ஏற்றியதும், மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் விழுந்த அலைக்கே கவிழ்ந்து வயிற்றைக் காட்டியது. திட்டம் போட்டவர் தொட்டி சிறியது என்று வாதாடினார். சரி, தொட்டி சிறியதுதான், ஆனால் பெரிய கடலிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1870 செப்டம்பரில் ஸ்பெயினுக்கு அருகே கேப்டன் என்ற பிரிட்டிஷ் கப்பல் கவிழ்ந்தது, கட்டும்போதே கனம் ஏறிப்போய் நினைத்ததைவிடத் தாழ்வாக மிதந்த கப்பல், மேலே முழுப் பாய்மரம் வேறு. அதை வடிவமைத்த கோல்ஸும் அதிலேயே போய்விட்டார். 1934 மார்ச்சில் ஜப்பானின் டோமோசுரு என்ற சின்ன டார்பிடோ கப்பல் புயலில் கவிழ்ந்தது, அதுவும் தாங்க முடியாத அளவுக்கு ஆயுதத்தை ஏற்றிய கப்பல்தான். அதற்குப் பிறகு ஜப்பான் தன் மற்ற கப்பல்களையும் எடுத்து மறுபடி கணக்குப் பார்த்து, மேல் கனத்தைக் குறைக்க வேண்டி வந்தது. கனம் எவ்வளவு என்பதைவிட அது எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். கூண்டுத் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்து வருடாந்தர விளையாட்டுப் போர். சத்துவாச்சாரி மாடி அறையில் நாற்காலிகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டுத் தரையிலேயே கடல் வரைந்தோம். எதிரி ராணிப்பேட்டை அணி. நம் ஆட்கள் நான்கு பெரிய கப்பலையும் வரிசையாக நிறுத்தி, எதிரி வரிசைக்குக் குறுக்கே போய் எல்லாப் பீரங்கியையும் ஒரே பக்கம் திருப்பப்போகிறோம் என்று காத்திருந்தார்கள், 1905 மே மாதம் சுஷிமா கடற்போரில் ஜப்பானியத் தளபதி டோகோ ரஷ்யர்களுக்குச் செய்த மாதிரி. எதிரி வரிசை வரவே இல்லை. ராணிப்பேட்டைக்காரர்கள் ஒரே ஒரு வேகமான குரூசரைத் தெற்குத் தீவுகளுக்குள் விட்டு, நம் அரிசிக் கப்பல்களையும் நிலக்கரிக் கப்பல்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். கொண்டலும் கோடையும் துறைமுகத்தில் நிலக்கரி இல்லாமல் நிற்க, நடுவர் சாப்பாட்டு மணிக்கு முன்பே பேரரசில் அரிசித் தட்டுப்பாடு என்று அறிவித்துவிட்டார்.

நம் அணியில் சிலர் இதை ஏமாற்று என்றார்கள். எப்படி ஏமாற்று ஆகும்? நம் தாத்தாக்கள் காலத்தில் இங்கிருந்து ரயிலில் போய்வருகிற தூரத்திலேயே நடந்த விஷயம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானிய எம்டன் சென்னைக்கு எதிரே வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அது பெரிய கப்பலே இல்லை, 10.5 சென்டிமீட்டர் பீரங்கி பத்து வைத்திருந்த இலேசான குரூசர். சென்னை அதிர்ந்துபோய் ஊரைக் காலி செய்ய ஆரம்பித்தது. ஆனால் எம்டனின் சாமர்த்தியத்தில் பாதி அதன் நிலக்கரியில் இருக்கிறது. கூடவே நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்தது, பிடித்த வணிகக் கப்பல்களின் நிலக்கரியையும் எடுத்துக்கொண்டது. அக்டோபரில் இந்தியப் பெருங்கடல் தீவான டியகோ கார்சியாவுக்குப் போனபோது அங்கிருந்தவர்களுக்கு உலகப் போர் தொடங்கியதே தெரியாது, வரவேற்று உபசரித்திருக்கிறார்கள், கப்பலும் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. அக்டோபர் 28 அன்று பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பினாங்குக்குள் நுழைந்து ரஷ்யக் குரூசர் ஒன்றை மூழ்கடித்தது. கடைசியில் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசரிடம் மாட்டியது, அதில் 6 அங்குலப் பீரங்கி, எம்டனின் பீரங்கிக்கு எட்டாத தூரத்துக்கு விலகி நின்று அடித்துவிட்டார்கள். அதுவரை அந்த ஒரு கப்பலைத் தேடி எத்தனை கப்பல்கள் அலைந்தன என்பதைப் பாருங்கள். இதைத்தான் ராணிப்பேட்டை அணி படித்துவிட்டு வந்திருந்தது.

சுஷிமாவைப் பற்றிப் பேசும்போதும் எல்லோரும் டோகோவின் திருப்பத்தைத்தான் சொல்கிறார்கள். தோற்ற பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ரஷ்யர்கள் 1904 அக்டோபரில் பால்டிக் கடலிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்காவைச் சுற்றி ஏழு மாதத்துக்கு மேல் வந்தார்கள். வழியில் சொந்தத் துறைமுகம் ஒன்றுகூட இல்லை. ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் கப்பல்கள்தான் நிலக்கரி கொண்டுவந்து கொடுத்தன. அடுத்தது எங்கே கிடைக்குமோ என்ற பயத்தில் தளத்திலும் அறைகளிலும்கூட நிலக்கரியைக் குவித்து வைத்தார்கள். வெப்பக் கடலில் அத்தனை நாள் கிடந்ததில் அடிப்பாகம் முழுக்கப் பாசியும் சிப்பியும் படிந்து வேகம் குறைந்துபோனது, சுரண்டுவதற்கு, கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வடித்துவிடுகிற டிரை டாக் கிடையாது. பீரங்கி சுடுவதற்கு முன்பே பாதித் தோல்வி வந்துவிட்டது என்பது என் கருத்து, தலைவர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

டிரை டாக் பற்றி இன்னும் ஒன்று. கப்பலைப் பெரிதாக்கினால் மற்ற எல்லாவற்றையும் பெரிதாக்க வேண்டும். டிரெட்நாட் அளவில் கப்பல் கட்ட ஆரம்பித்ததும் ஜெர்மனி கீல் கால்வாயையே அகலமும் ஆழமும் ஆக்க வேண்டி வந்தது, 1907-இல் தொடங்கிய வேலை 1914 ஜூனில்தான் முடிந்தது. நம் வடக்குத் தீவுத் துறைமுகத்தில் வாடையை ஏற்றுகிற டாக் இருக்கிறதா என்று செயற்குழுவில் கேட்டேன். வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்தால், வாசல் வாடையைவிட ஒரு மீட்டர் குறுகல். காகிதத்தில் எட்டு வருடமாகச் சேவையில் இருக்கும் கப்பல் அது, ஒருமுறைகூட அடி சுரண்டப்பட்டிருக்க முடியாது.

இந்த இடத்தில் நம் மூத்த உறுப்பினரைச் சொல்லியாக வேண்டும். கம்மவான்பேட்டை மாதிரி ராணுவத்துக்கு ஆள் அனுப்புகிற ஊர்கள் உள்ள மாவட்டத்தில் கடற்படைக்குப் போனவர் கிடைப்பது அபூர்வம். பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் காலத்தில் கடற்படையில் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர், புரட்டாசியில் நமக்காக ஒரு மாலை பேசினார். 1971 போரின்போது விக்ராந்தின் பாய்லர் ஒன்றில் விரிசல், முழு வேகம் போக முடியாது, அந்த நிலையிலேயே வங்கக் கடலுக்குப் போய் காக்ஸ் பஜார், சிட்டகாங் மேல் விமானங்களை அனுப்பியது. அந்த விரிசலோடு எப்படி ஓட்டியிருப்பார்கள் என்பதை ஒரு மணி நேரம் விளக்கினார். பீரங்கியைப் பற்றி ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை, "அது மேல இருக்கிறவங்க வேலைப்பா" என்று முடித்துவிட்டார். நம் கப்பல்களின் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நிலக்கரி அள்ளுகிறவன் எங்கே படுப்பான்? நான்கு கப்பலிலும் அதற்கு இடம் வரையவில்லை. இப்போது வரைந்துகொண்டிருக்கிறோம்.

ஜனவரியில் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு எல்லோரும் போய்வந்தோம். சுற்றுலா என்று போட்டிருந்தாலும் எனக்கு அதில் ஒரு உள்நோக்கம் இருந்தது. இலங்கையில் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1815-இல் பிடிபட்டு, நம் கோட்டையில் வைக்கப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார், அவர் நினைவிடம்தான் அந்த மண்டபம். தீவின் அரசர்தான், ஆனால் அவர் பட்டத்துக்கு வருவதற்கு வெகுமுன்பே, 1766 உடன்படிக்கையில், கரையோரம் முழுவதும் டச்சுக்காரர்கள் கைக்குப் போயாகிவிட்டது, அப்புறம் அவர்களிடமிருந்து ஆங்கிலேயருக்கு. உள்நாட்டு மலையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு துறைமுகம்கூட இல்லாமல், யாரையும் வெளியிலிருந்து உதவிக்கு அழைக்க முடியாத தீவு அரசாட்சி. அங்கே நின்று நம் தெற்குத் தீவுத் துறைமுகங்களுக்கு ஒரு காவல் படகுகூட ஒதுக்கவில்லை என்று நான் சொன்னபோது ஐந்தாவது கப்பல் கோஷ்டி டீ குடிக்கப் போய்விட்டது.

அதே கோஷ்டிக்காக ஒரு கணக்கும் வைத்திருக்கிறேன். 1917 ஏப்ரல் ஒரே மாதத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் எட்டரை லட்சம் டன்னுக்கு மேல் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தன. உலகத்திலேயே பெரிய போர்க்கப்பல் படை பிரிட்டனிடம் இருந்தது, அது வடக்கே ஸ்காப்பா ஃப்ளோவில் நங்கூரம் போட்டு நின்றது. பிரிட்டனைக் காப்பாற்றியது வணிகக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, டெஸ்ட்ராயர் என்ற சின்ன, வேகமான போர்க்கப்பல்களின் காவலோடு அனுப்பியதுதான். அரிசி கப்பலில் வரும் நம் பேரரசுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக் கண்காட்சி நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் இந்த நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள், நம் பொருளாளர் அக்கா "பேரே இன்னும் வைக்கலை, அதுக்குள்ள எங்கன்னு கேட்டா எப்படி" என்று சமாளித்தார். தீக்குச்சியில் செய்த ஒரு நிலக்கரித் தோணியைத்தான் அதிகம் பேர் கையில் எடுத்துப் பார்த்தார்கள், காரணம் அதை மட்டும்தான் தொட அனுமதித்தோம்.

செயற்குழு நிறைவேற்றிய விதி ஒன்று உங்கள் ஒப்புதலுக்கு வருகிறது. இனி யாராவது ஒரு பெரிய கப்பலுக்குப் படம் கொடுத்தால், கூடவே அதற்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல் எது, ஏற்றும் டாக் எது, ஆட்கள் படுக்கும் இடம் எது என்று மூன்றும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் படம் பெட்டிக்குள் போகும். கவிழ்கிறதா என்ற சோதனை வழக்கம்போல உண்டு. இதோடு, ஐந்தாவது போர்க்கப்பலுக்காக ஒதுக்கிய மரத்தையும் பசையையும் அப்படியே ஆறு காவல் குரூசருக்கும் ஒரு மிதக்கும் டாக்குக்கும் மாற்றலாமா என்ற தீர்மானமும் இருக்கிறது. எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் பேசலாம், ஆனால் தரையில் வரைந்த கடலில் அரிசித் தட்டுப்பாடு வந்த அன்று யார் எங்கே நின்றீர்கள் என்பது நடுவரின் நோட்டில் இருக்கிறது.

சந்தா பாக்கி உள்ளவர்கள் அக்காவைப் பார்க்கவும். கைதூக்கி ஓட்டு எடுத்து முடித்த பிறகுதான் பிரியாணி அண்டா திறக்கப்படும், ஆம்பூரிலிருந்து வந்து கீழே காத்திருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்