‘சர்வீஸ் செய்தது’ என்று விற்ற ஸ்கோப்பில் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி

அனுப்புநர்: எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடைக்காரர், காட்பாடி, வேலூர் மாவட்டம்
பெறுநர்: மேலாளர், பழைய அளவுக்கருவிகள் விற்பனைப் பிரிவு

ஐயா,

சென்ற மாதம் உங்களிடம் டெக்ட்ரானிக்ஸ் 465 ஆசிலாஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) ஒன்றை 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். ‘சர்வீஸ் செய்து, காலிபரேஷன் பார்த்தது’, அதாவது அளவைச் சரியாகக் காட்டுகிறதா என்றும் சோதித்தது, என்று பில்லிலேயே எழுதியிருக்கிறீர்கள்.

பழைய செட் எதையும் நான் நேராக லைனில் போடுவதில்லை. சீரிஸ் லேம்ப் வழியாகத்தான்: கரண்ட் ஒரு பல்பு வழியாகத்தான் செட்டுக்குப் போகும்; உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரிந்து கரண்டை மட்டுப்படுத்தும். இதைப் போட்டதும் 100 வாட் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது, மங்கவே இல்லை. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். ஃபியூஸைக் கழற்றியபோது கை நடுங்கிவிட்டது. 230 வோல்ட்டுக்கு முக்கால் ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். அங்கே, போன ஃபியூஸின் மேலேயே ஒயரிலிருந்து பிரித்த செம்பு இழைகளை நாலு சுற்று சுற்றி வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் கரி அப்பியிருந்தது. பலமான ஷார்ட்டில் போனால்தான் ஃபியூஸ் அப்படிக் கறுக்கும். செட்டில் ஷார்ட் இருப்பது தெரிந்தேதான் யாரோ கம்பி சுற்றியிருக்கிறார்கள்.

திறந்து அளந்ததில் ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் பிரிட்ஜ் ஒன்று ஷார்ட். மாற்றியும் உள்ளே வர வேண்டிய 15 வோல்ட் சப்ளை வரவில்லை. துவரம்பருப்பு போலிருந்த ஒரு டான்டலம் கெபாசிட்டரின் காலை போர்டிலிருந்து தூக்கியதும் வந்துவிட்டது; அதுவும் ஷார்ட். இதெல்லாம் வயதானால் வருகிற கோளாறு, அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். பழுது என்று சொல்லி விலை குறைத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். ஆனால் நேராக லைனில் போட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வெந்திருக்கும். அந்தக் கருவிக்கென்றே செய்த டிரான்ஸ்ஃபார்மர் அது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் புதிதாகக் கிடைக்காது. என் கடையில் தொழில் பழகும் பையன்தான் பெரும்பாலும் புது வரவை ஆன் செய்கிறவன். நல்ல வேளை, அன்று அவன் லீவு.

காலிபரேஷனும் பொய். சோதனைக்காகக் கருவியே தரும் 300 மில்லிவோல்ட் சதுர அலையை, ஒரு கட்டத்துக்கு 50 மில்லிவோல்ட் என்று வைத்தால் திரையில் 6 கட்டம் ஏற வேண்டும். முதல் சேனலில் ஏறுகிறது, இரண்டாவதில் 5 கட்டம்தான். அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் நாப் சரியான நிலையில்தான் இருந்தது.

பாகங்களுக்கும் இரண்டாவது சேனலைச் சரிசெய்யவும் 4,000 ரூபாய் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியம், இதே கையால் சர்வீஸ் ஆன கருவிகளை வாங்கிய மற்றவர்களுக்குப் போன் செய்து, ஃபியூஸைப் பார்க்காமல் ஆன் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு வாங்கியவனும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான்; குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம்.

போட்டோக்கள் இணைத்துள்ளேன். அந்த ஃபியூஸைச் சுற்றிய கம்பியோடு அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்